ஷெட்டுக்குக் கீழே ஆர்? நாலு பிழையில் ஒரு ட்ரெயில் கமராப் பாடம்



இந்தக் கிழமை எபிசோட்டில் மோஷன் சென்சர் பற்றிக் கதைக்கும்போது, "எங்கட பின்வளவு நரியும் நானும்" என்று ஒரு வசனத்தைத் தொடங்கி, நேரம் போதாமல் பாதியில் விட்டுவிட்டேன். அந்தக் கதையையும், அதில் நான் படித்ததையும் இந்த மடலில் முழுதாக எழுதுகிறேன். எபிசோட் கேட்காதவர்களும் தாராளமாக வாசிக்கலாம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது "எந்தக் கமரா வாங்கலாம்" என்ற கட்டுரை இல்லை. கமரா யாரும் வாங்கலாம், பற்றரி போடலாம், மரத்தில் கட்டலாம். அதில் விழுந்த வீடியோவைப் பார்த்து ஒரு மிருகம் என்ன செய்கிறது, ஏன் செய்கிறது என்று சொல்வதுதான் கஷ்டம். அதில் நான் நாலு பிழை விட்டேன். மூன்றைச் சொல்லிச் சிரிக்கலாம். நாலாவதைச் சொல்லும்போது எனக்கு இப்பவும் சிரிப்பு வருவதில்லை.

ஒரு செருப்பும் ஒரு ஓட்டையும்

லண்டனின் வடமேற்கில், ஹரோவில் எங்கள் வீடு. பின்வளவு சின்னது. ஒரு புல்தரை, அம்மம்மாவின் உடுப்புக் கொடி, மூலையில் ஒரு பழைய மர ஷெட். 2024 பெப்ரவரி கடைசியில் அப்பாவின் தோட்டச் செருப்பில் ஒன்று காணாமல் போனது. அதைத் தேடப் போனபோதுதான் ஷெட்டின் பக்கத்தில், பலகைக்குக் கீழே, புதிதாய் ஒரு ஓட்டையைக் கண்டோம். ஒரு சாப்பாட்டுக் கோப்பை அளவு அகலம்.

"எலி," என்றார் அப்பா. "பெரிய எலி."

"எலி செருப்புத் தூக்குமோ அப்பா?"

"லண்டன் எலி எதையும் தூக்கும்."

அடுத்த சனிக்கிழமையே இரண்டு பை சீமெந்து வந்து கராஜில் இறங்கியது. பெரிய வெள்ளி, மார்ச் 29, அப்பாவுக்கு லீவு. அன்றைக்கு ஓட்டையை அடைப்பது என்று முடிவு. எனக்கு இருந்தது நாலு கிழமை. "அடைக்கிறதுக்கு முதல் உள்ளுக்கு என்ன இருக்கு எண்டு பாப்பமே," என்று சொல்லி ஒரு மலிவான ட்ரெயில் கமரா வாங்கினேன்.

முதலாம் பிழை: கண்ணாடிக்குப் பின்னால்

வெளியில் குளிர், மழை. ஆகவே கமராவைக் குசினி ஜன்னலுக்கு உள்ளே, ஷெட்டைப் பார்க்க வைத்தேன். மூன்று இரவு. ஒரு வீடியோகூட இல்லை. அப்பா வெற்றிச் சிரிப்புச் சிரித்தார்.

இங்கேதான் முதல் பாடம். ட்ரெயில் கமராவில் இரண்டு விதமான இன்ஃப்ராரெட் வேலை செய்கிறது. பலர் இரண்டையும் ஒன்றென்று நினைக்கிறார்கள்.

ஒன்று, மிருகத்தின் உடம்பிலிருந்து தானாக வருகிற வெப்பக் கதிர். கமராவின் முன்பக்கத்தில் குமிழ் மாதிரி ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் மூடி இருக்குமே, அதற்குப் பின்னால் இருக்கும் சென்சர் இதைத்தான் உணர்கிறது. அது தானாக எந்தக் கதிரையும் அனுப்புவதில்லை, வருவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும். மூடி பார்வைப் பரப்பைத் துண்டு துண்டாகப் பிரிக்கிறது. பின்னணியைவிடச் சூடான ஒன்று ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்கு நகர்ந்தால் கமரா விழித்துக்கொள்ளும்.

மற்றது, இரவில் படம் எடுப்பதற்காகக் கமராவே அடிக்கிற வெளிச்சம். இது எங்கள் கண்ணுக்குத் தெரியும் சிவப்புக்குக் கொஞ்சம் அப்பால் உள்ளது. சாதாரணமாக 850 அல்லது 940 நானோமீற்றர்.

ஜன்னல் கண்ணாடி இரண்டாவதை விடும், முதலாவதை விடாது. மிருகத்தின் உடல் வெப்பம் கண்ணாடியில் நின்றுவிடும். ஆகவே ஜன்னலுக்குப் பின்னால் இருக்கும் சென்சருக்கு வெளியில் யானை போனாலும் தெரியாது. தற்செயலாகக் கமரா வேலை செய்தாலும், அது அடிக்கும் வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் திரும்பி, படம் முழுக்க வெள்ளையாகிவிடும்.

"ஒண்டும் பதியவில்லை" என்பதற்கும் "ஒண்டும் வரவில்லை" என்பதற்கும் இடையில் ஒரு கடலே இருக்கிறது. இந்த வசனத்தை ஞாபகம் வைத்திருங்கள், கடைசியில் தேவைப்படும்.

இரண்டாம் பிழை: அம்மம்மாவின் சேலை

கமராவை வெளியே, வேலித் தூணில் கட்டினேன். மூன்று நாள் கழித்துப் பார்த்தால் 613 வீடியோ! ஒவ்வொன்றாகத் திறந்தேன். 600க்கு மேல் அம்மம்மாவின் சேலை.

காரணம் எளிது. வெயிலில் காயும் துணி சூடாகும். காற்றில் ஆடும். சூடான ஒன்று ஆடினால் சென்சருக்கு அதுவும் ஒரு மிருகம்தான். செடி, கொடி, நீண்ட புல் எல்லாம் இதே வேலையைச் செய்யும். ஆகவே:

கமராவுக்கு முன்னால் ஆடக்கூடிய எதையும் விடாதீர்கள். கிளையை வெட்டுவதைவிடக் கமராவைத் திருப்புவது நல்லது.

எங்கள் பக்கத்து நாடுகளில், அதாவது பூமியின் வட பாதியில், கமராவை வடக்குப் பார்க்க வையுங்கள். சூரியன் நேரே லென்ஸில் விழாது.

மிருகம் கமராவை நோக்கி நேரே வரும்படி வைக்காமல், குறுக்கே நடக்கும்படி வையுங்கள். குறுக்கே போனால் துண்டுக்குத் துண்டு தாவும், சென்சர் உடனே பிடிக்கும். நேரே வந்தால் நீண்ட நேரம் ஒரே துண்டுக்குள் இருக்கும், பிந்தித்தான் பிடிக்கும்.

எனக்கு மிஞ்சிய ஏழெட்டு வீடியோவில் ஒன்று, மார்ச் 10 அதிகாலை எடுத்தது. நீண்ட வால், கூர்க் காது. எலி இல்லை. நரி.

அம்மம்மாவுக்குக் காட்டினேன். அவ வன்னியில் வளர்ந்தவ. கண்ணாடியைப் போட்டு நல்லாப் பார்த்துவிட்டு, "இது நரியே? எங்கட நரிக்குக் கால் நீளம், வால் இவ்வளவு பொசுபொசு இல்லை. சாமத்தில கூட்டமா ஊளையிடும். இது ஏன் மோனை சத்தமே போடேல்ல?" என்று கேட்டா.

அவ கேட்டது சரியான கேள்வி. இலங்கையில் "நரி" என்று சொல்வது பொன்னிற நரி. அது ஓநாய், நாய் இவற்றின் நெருங்கிய சொந்தக்காரர். லண்டனில் ஓடுவது செந்நரி. அது வேறு கிளை. தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான் புழங்குகிறது. ஒரு பெயரை வைத்துக்கொண்டு ஒன்றின் பழக்கத்தை மற்றதன் தலையில் கட்டக்கூடாது என்று அன்றைக்கு அவ எனக்குப் படிப்பித்தா. செந்நரியும் சத்தம் போடும், அதிகமாக ஜனவரியில், இணை சேரும் காலத்தில். ஆள் அலறுவது போல் இருக்கும். ஆனால் கூட்டமாக ஊளையிடாது.

அப்பாவின் திட்டம் மாறவில்லை. "நரியெண்டா இன்னும் மோசம். அது வெளியில போற நேரம் பாத்து அடைச்சு விடுவம். உள்ளுக்கு வைச்சு அடைச்சாத்தானே பாவம்." அவர் இரக்கமில்லாத மனிதர் இல்லை. அவர் சொன்னதில் ஒரு நியாயமும் இருந்தது. ஆனால் உள்ளே வேறு யாரும் இல்லை என்பதை அவர் தெரிந்து சொல்லவில்லை. எனக்கும் தெரியாது.

நூறு வருசத்துக்கு முன்னால்

நடுவில் கொஞ்சம் சரித்திரம். ஆள் இல்லாமல் மிருகம் தன் படத்தைத் தானே எடுத்துக்கொள்ளும் யோசனை புதிதில்லை. அமெரிக்காவில் ஜோர்ஜ் ஷிராஸ் என்பவர் 1890களிலேயே இரவில் மான்களைப் படம் பிடித்தார். வழியில் கம்பி கட்டுவார். மிருகத்தின் கால் கம்பியில் பட்டால் ஃப்ளாஷ் வெடித்துப் படம் விழும். 1906 ஜூலை மாத நேஷனல் ஜியோகிராஃபிக் இதழ் அவருடைய 74 படங்களை வெளியிட்டது. இந்தியாவில் காட்டிலாகா அதிகாரியாக இருந்த எஃப். டபிள்யூ. சாம்பியன் இதே முறையில் புலிகளைப் படமெடுத்து, 1927இல் ஒரு புத்தகமே போட்டார். 1990களில் கர்நாடகாவின் நாகரஹொளேயில் உல்லாஸ் கரந்த் இந்த முறையை எண்ணிக்கைக்குக் கொண்டுவந்தார். ஒரு புலியின் வரி இன்னொரு புலிக்கு இராது. ஆகவே படங்களை வரியால் பிரித்து, எந்தப் புலி எத்தனை தரம் திரும்பி வந்தது என்பதிலிருந்து மொத்தம் எத்தனை புலி இருக்கும் என்று கணக்கிடலாம்.

இதில் எங்களுக்கும் ஒரு பாடம் உண்டு. நாற்பது வீடியோ என்றால் நாற்பது மிருகம் இல்லை. முதலில் யார் யார் என்று பிரிக்க வேண்டும்.

மூன்றாம் பிழை: உயரம்

கமராவை நான் என் நெஞ்சு உயரத்தில் கட்டியிருந்தேன். எனக்கு வசதி. ஆனால் நரியின் தோள் உயரம் 40 சென்டிமீற்றருக்கும் குறைவு. மேலிருந்து பார்த்தால் முதுகும் வாலும் மட்டும் தெரியும். முகம், காது, வாயில் இருப்பது, வயிறு, ஒன்றும் தெரியாது. இரவு வீடியோ கறுப்பு வெள்ளை, ஆகவே நிறத்தை வைத்தும் பிரிக்க முடியாது.

மார்ச் 17 பின்னேரம் கமராவை இறக்கி, 35 சென்டிமீற்றரில், ஓட்டையிலிருந்து மூன்று மீற்றர் தள்ளி, பக்கவாட்டாக வைத்தேன். முந்தியெல்லாம் "ஒரு நரி" என்று நினைத்தது, ஒரே இரவில் இரண்டு நரியானது. ஒன்றுக்கு இடது காதில் வெட்டு. மற்றதுக்கு வால் நுனி வெள்ளை. வெட்டுக்காது, வெள்ளைநுனி என்று பெயர் வைத்தேன்.

பிறகு ஒரு கொப்பி எடுத்துக் கோடு போட்டேன். ஐந்து நிரல்: நேரம், யார், உள்ளேயா வெளியேயா, வாயில் என்ன, வேறு. விதி ஒன்றே ஒன்று. கண்டதை மட்டும் எழுது. "பசியோடு வந்தது", "பயந்து ஓடியது" என்று எழுதக்கூடாது. "வந்தது, நின்றது, தலையைத் திருப்பியது, ஓடியது" என்று எழுதலாம். பசியும் பயமும் என் ஊகம். கொப்பியில் ஊகம் கலந்தால் பிறகு அதைப் பிரித்தெடுக்க முடியாது.

மார்ச் 18 முதல் 25 வரை எட்டு இரவு. கொப்பி சொன்னது இது:

வெட்டுக்காது 19 தரம் ஓட்டைக்கு வந்தது. அதில் 14 தரம் வாயில் ஏதோ இருந்தது. போகும்போது ஒரு தரமும் வாயில் ஒன்றும் இல்லை.

வெள்ளைநுனி முதல் இரண்டு இரவும் நினைத்தபடி வந்தது, போனது. மார்ச் 20இலிருந்து அப்படியே மாறிவிட்டது. இரவுக்கு ஒன்று அல்லது இரண்டு தரம் மட்டும் வெளியே வரும். இருபது நிமிசத்துக்குள் திரும்ப உள்ளே.

சாப்பாடு உள்ளே போகிறது, வெளியே வருவதில்லை. ஒருத்தர் வெளியே வருவதை நிறுத்திவிட்டார். இங்கிலாந்தில் நரிகள் குட்டி போடுவது பெரும்பாலும் மார்ச் நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை. பிறந்த குட்டி 100 கிராம் அளவில் இருக்கும். கண் தெரியாது, காது கேளாது, தன் உடம்புச் சூட்டைத் தானே வைத்திருக்கவும் தெரியாது. ஆகவே முதல் இரண்டு கிழமையும் தாய் அநேகமாக உள்ளேயே கிடக்கும். தகப்பன் நரி சாப்பாடு கொண்டுவரும்.

அப்பாவின் கேள்வி

மார்ச் 26, செவ்வாய் இரவு. கொப்பியை அப்பாவுக்கு முன்னால் வைத்தேன்.

"குட்டி இருக்கு அப்பா."

"நீ கண்டனியோ?"

"காணேல்ல."

"அப்ப?"

எண்களைக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "நரி சாப்பாட்டை ஒளிச்சு வைக்கும் எண்டு டிவியில பாத்தனான். அது ஷெட்டுக்குக் கீழ சேத்து வைக்குதாக்கும்," என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் கேட்டது நல்ல கேள்வி. நரி உண்மையாகவே சாப்பாட்டை ஒளித்து வைக்கும். வாயில் சாப்பாட்டோடு உள்ளே போவதை மட்டும் வைத்து, குட்டியா களஞ்சியமா என்று பிரிக்க முடியாது. ஒரே தரவுக்கு இரண்டு விளக்கம் பொருந்தினால், இரண்டையும் பிரிக்கிற மூன்றாவது தரவு வேண்டும்.

நரி ஒளிக்கும் விதம் வேறு. சாதாரணமாக ஒரே இடத்தில் குவிப்பதில்லை. அங்கங்கே சின்னக் குழி தோண்டி, ஒவ்வொன்றாகப் புதைத்து, மூக்கால் மண்ணைத் தள்ளி மூடும். அதோடு, களஞ்சியம் என்றால் வெள்ளைநுனி ஏன் உள்ளேயே இருக்கிறது என்பதற்கு விளக்கம் இல்லை. இதெல்லாம் சொன்னேன். அப்பா தலையாட்டினார், ஆனால் முகம் மாறவில்லை.

பிறகு ஒரு வீடியோ காட்டினேன். மார்ச் 24, அதிகாலை 4:12. வெள்ளைநுனி ஓட்டையிலிருந்து வெளியே வந்து, கமராவுக்குப் பக்கவாட்டாக நின்று, முன்கால் இரண்டையும் நீட்டிச் சோம்பல் முறிக்கிறது. வயிற்று மயிர் ஐதாகிவிட்டது. முலைக்காம்புகள் தெளிவாகத் தெரிகின்றன. பால் கொடுக்கும் தாய்.

கமரா நெஞ்சு உயரத்திலேயே இருந்திருந்தால் இந்த ஒன்பது செக்கனில் ஒரு முதுகுதான் தெரிந்திருக்கும்.

அப்பா அதை நாலு தரம் திருப்பிப் போட்டார். ஐந்தாம் தரம் நடுவில் நிறுத்தினார். "அப்ப அது வெளியில போற நேரம் நான் அடைச்சிருந்தா..." என்று தொடங்கி, முடிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சீமெந்துப் பையைச் சுத்திக் கட்டி வை. ஈரம் பட்டாக் கட்டியாப் போயிரும்," என்றார். பெரிய வெள்ளி அன்றைக்குக் கராஜ் முழுக்கக் கூட்டித் துப்புரவாக்கினார். பின்வளவுப் பக்கம் போகவே இல்லை.

ஒரு சின்ன இடறல்: மணிக்கூடு

மார்ச் 31 இங்கே நேரம் ஒரு மணித்தியாலம் முன்னுக்குப் போனது. நானும் கமராவின் நேரத்தை மாற்றினேன். அடுத்த நாள் முதல் வெட்டுக்காது ஒரு மணித்தியாலம் பிந்தி வரத் தொடங்கியது! இதற்கு ஒரு பெரிய விளக்கமும் எழுதி வைத்தேன். பிறகுதான் விளங்கியது. நரி அதே இருட்டுக்குத்தான் வந்தது. மாறியது மணிக்கூடு. மிருகத்தைக் கவனிக்கும் கமராவை வருசம் முழுக்க ஒரே நேரத்தில் விட்டுவிடுங்கள். கொப்பியின் மேல் மூலையில் எந்த நேரம் என்று எழுதிவிடுங்கள், அது போதும்.

நாலாம் பிழை: நான்

ஏப்ரல் தொடக்கத்தில் எனக்கு ஆசை பிடித்துவிட்டது. குட்டிகள் நாலு கிழமையில் வெளியே வரும். நீலக் கண்ணும் கபில நிற மயிருமாக முதன்முதல் எட்டிப் பார்ப்பதை நான்தான் பிடிக்க வேண்டும். ஏப்ரல் 4 அன்றைக்குக் கமராவை ஓட்டையிலிருந்து ஒரு மீற்றருக்குக் கொண்டுவந்தேன். அதுவரைக்கும் கிழமைக்கு இரண்டு தரம் மெமரி கார்ட் எடுத்தவன், இப்போது ஒவ்வொரு பின்னேரமும் போனேன்.

ஏப்ரல் 5 இரவு வெள்ளைநுனி வெளியே வந்து, கமராவை நேரே பார்த்துக்கொண்டு நின்றது. "எவ்வளவு வடிவான ஷொட்!" என்று நண்பர்களுக்கு அனுப்பினேன். 6, 7, 8ஆம் திகதியும் அப்படியே பார்த்தது.

ஏப்ரல் 9 அதிகாலை 2:18. வெள்ளைநுனி ஓட்டையிலிருந்து வந்தது. வாயில் ஒரு குட்டி, கழுத்துப் பக்கம் கவ்வியபடி, கால் நாலும் தொங்கியபடி. வேலிப் பக்கம் போனது. 2:41, திரும்பி வந்தது, இன்னொன்று. 3:10, இன்னொன்று. 3:41, நாலாவது. பிறகு வரவில்லை.

நான் அவ்வளவு நாளாய்க் காத்திருந்த குட்டிகள். நாலையும் கண்டேன், அவை வீட்டை விட்டுப் போகும்போது.

கொப்பியைத் திரும்பப் பார்த்தேன். ஏப்ரல் 4க்கு முந்திய 60 வீடியோவில் நரி கமராவைப் பார்த்தது இரண்டில். அதற்குப் பிந்திய 22 வீடியோவில் ஒன்பதில். என் கண்ணுக்கு முன்னால் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்திருக்கிறது. நான் அதை "வடிவான ஷொட்" என்று வாசித்திருக்கிறேன்.

நான்தான் காரணமா? நிரூபிக்க முடியாது. நரிகள் தெள்ளுக்காகவும், வேறு தொந்தரவுக்காகவும் குட்டிகளை இடம் மாற்றுவது வழக்கம். ஒரே ஒரு குடும்பம், ஒரே ஒரு தரம். ஆனால் இதே நியாயத்தை நான் அப்பாவிடம் ஏற்றுக்கொள்ளவில்லையே! அவரிடம் எண்களைக் காட்டி நம்பச் சொன்னேன். அதே கொப்பி என்னைக் காட்டும்போது நானும் நம்பத்தான் வேண்டும்.

மறைந்திருந்து பார்க்கும் கண் என்று ட்ரெயில் கமராவை நினைக்கிறோம். 2014இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சந்தையில் உள்ள பல கமராக்களைச் சோதித்தபோது, அவை எழுப்பும் ஒலியும் வெளிச்சமும் மிருகங்களின் கேட்கும், பார்க்கும் எல்லைக்குள் வருவதைக் காட்டினார்கள். எங்களுக்குக் கேட்காத உயர் ஒலியும் அதில் உண்டு. என்னுடைய கமரா 850 நானோமீற்றர் வகை. இருட்டில் உற்றுப் பார்த்தால் மனிதனுக்கே மங்கலான சிவப்புத் தெரியும். 940 வகையில் அது தெரியாது, ஆனால் வெளிச்சம் கிட்டத்தான் போகும். இதோடு ஒவ்வொரு பின்னேரமும் என் சப்பாத்து மணம்.

நான் இப்போது கடைப்பிடிக்கும் விதிகள்

1. கமராவை வைத்தால் பத்து நாளுக்குத் தொடுவதில்லை. போகும் ஒவ்வொரு தரமும் கொப்பியில் என் பெயரையும் எழுதுவேன். நானும் அந்த வளவில் நடமாடும் ஒரு மிருகம்தான்.

2. குட்டி இருக்கும் வளைக்கு மூன்று மீற்றருக்குக் கிட்டப் போவதில்லை. கிட்டவாகப் பார்க்க ஆசை என்றால் வீடியோவைப் பெருப்பித்துப் பார்க்கலாம்.

3. சாப்பாடு வைத்து வரவழைப்பதில்லை. சாப்பாட்டுக்கு வந்த மிருகம் சாப்பிடும் பழக்கத்தைத்தான் காட்டும், தன் வாழ்க்கையைக் காட்டாது.

4. மிருகம் கமராவைப் பார்த்தால் அது அழகான படம் மட்டும் இல்லை, ஒரு செய்தியும்தான். எண்ண வேண்டும். கூடினால் விலக வேண்டும்.

5. பக்கத்து வீட்டு ஜன்னல், நடைபாதை ஒன்றும் படத்துக்குள் வரக்கூடாது. ஒலிப்பதிவை நிறுத்திவிடுவேன். பிரித்தானியாவில் உங்கள் எல்லைக்கு வெளியே ஆட்களைப் பதிந்தால் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். நீங்கள் இருக்கும் நாட்டில் எப்படி என்று பாருங்கள். பொதுப் பூங்காவில் வைக்க அனுமதி கேளுங்கள்.

6. வளை இருக்கும் இடத்தைச் சமூக ஊடகத்தில் போடுவதில்லை.

தொழில்நுட்பப் பக்கம் கேட்பவர்களுக்கு ஒன்று. சேலை வீடியோ 600ஐயும் நான் கையால் பார்த்தேன். நீங்கள் அப்படிப் பார்க்க வேண்டாம். மெகாடிடெக்டர் என்று இலவசமாக ஒரு மென்பொருள் இருக்கிறது. படத்தில் மிருகம், ஆள், வாகனம் இந்த மூன்றில் ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் சொல்லும். என்ன மிருகம் என்று சொல்லாது. ஆனால் வெறும் படங்களை ஒதுக்குவதே பாதி வேலை. மிச்சத்தைக் கண்ணால் பாருங்கள். பிரித்தானியாவில் இருப்பவர்கள் தங்கள் படங்களை மாமல்வெப் தளத்துக்கு அனுப்பினால், ஆய்வாளர்களுக்கும் உதவும்.

சீமெந்து என்ன ஆனது?

செப்டெம்பரில் அப்பா கேட்டார், "இப்ப அடைக்கலாமோ?" அவர் என்னிடம் கேட்டதே எனக்குப் பெரிய விசயம்.

ஆரம்பத்தில் சொன்ன வசனம் ஞாபகம் இருக்கிறதா? ஒன்றும் பதியவில்லை என்பதால் ஒன்றும் இல்லை என்று ஆகாது. ஆகவே கமராவை மட்டும் நம்பவில்லை. ஓட்டையில் கசக்கிய பத்திரிகைத் தாளை இலேசாகச் செருகினோம். உள்ளே யாரும் இருந்தால் தள்ளிக்கொண்டு வரும், வெளியிலிருந்து யாரும் வந்தால் இழுத்துப் போடும். கமராவையும் வைத்தோம். பத்து நாள். தாள் அசையவில்லை. கமராவில் பூனை, ஒரு கறுப்புப் பறவை, அம்மம்மா. நரி இல்லை. பதினோராம் நாள் அப்பா அடைத்தார். பழைய சீமெந்து கட்டியாகித்தான் போயிருந்தது. புதுப் பை வாங்கினார்.

இன்னும் ஒன்று. அந்த வருசம் மே கடைசியில், ஒரு இரவு, வேலியோரமாய் இரண்டு குட்டி ஓடியது. நாலில் இரண்டா, வேறு வீட்டுக் குட்டியா, சொல்ல அடையாளம் ஒன்றும் இல்லை. பின்னால் ஓடிய குட்டியின் வாயில் ஒரு செருப்பு. அப்பா வீடியோவை நிறுத்திப் பார்த்துவிட்டு, "என்ர இல்லை," என்றார். கொப்பியில் அப்படியே எழுதினேன்: "செருப்பு. அப்பாவின் இல்லை."

உங்களுக்கான பயிற்சி

கமரா தேவையில்லை. இந்தக் கிழமை ஏதாவது ஒரு மிருகத்தை, உங்கள் வீட்டுப் பூனையாகவும் இருக்கலாம், பத்து நிமிசம் பாருங்கள். கண்டதை மட்டும் எழுதுங்கள். பிறகு எழுதியதை வாசித்து, ஊகம் கலந்த சொற்களுக்குக் கீழே கோடு போடுங்கள். எத்தனை வந்தது என்று எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். எனக்கு முதல் தரம் பத்து வரியில் ஏழு வந்தது.

அம்மம்மா, அப்பப்பா யாரும் பக்கத்தில் இருந்தால், அவர்கள் ஊரில் நரி எப்படிக் கத்தும் என்றும் கேட்டுப் பாருங்கள். அநேகமாகச் செய்தும் காட்டுவார்கள்.

அடுத்த எபிசோட்டில் சந்திப்போம்.